குரோமோசோம் எண்ணிய அம்மையார்

தாவரவியல் செய்முறை வகுப்பில், மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கக் கற்பதற்கு முன், வெங்காய வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம்களை எண்ணப் பழகினோம். 16 இருக்க வேண்டும். எனக்கு 14தான் தெரிந்தன. அலுத்துப்போனேன்.

அந்த எண்ணும் வேலையையே வாழ்வாகக் கொண்டவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் சொல்லி, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பை மக்காச்சோளத்தோடு இனக்கலப்புச் செய்தார். கலப்பு மெய்தானா என்பதற்குக் குரோமோசோம் எண்ணிக்கையே சாட்சி. 1945இல் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் கணக்கை நூலாக்கினார். பத்மஸ்ரீ விருது 1977இல்தான் வந்தது, மிகத் தாமதம்! அன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், 1984இல் மறையும்வரை உழைத்தார்.

மறுநாள் புது வேர்நுனி நறுக்கினேன்.