உழவர்க்கு நிலம் தந்த அமைச்சர்: டி. எஸ். சேனநாயக்கா

கல்லூரி விழா மலர்களிற் புலவர், துறவியர், ஆசிரியப் பெருந்தகையர் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. நாம் ஈண்டு எழுதப் புகுவதோ அரசியலாளர் ஒருவரின் வரலாறு. அவர் சைவரல்லர், தமிழருமல்லர், அவர் செய்தவை சிலவற்றால் நம்மவர் உள்ளங்களில் ஆறாத மனத்தாங்கலும் உண்டு. அங்ஙனமாயின் அவர் வரலாறு இந்து மாணாக்கர் பயிலும் கல்லூரியின் மலருக்கு ஏன் என வினவுவார்க்கு எம் விடை இதுவே: நாவிதன்வெளியிலே பிறந்து, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்வி தேடிச் சென்ற எம்போன்றார், எம் ஊர் வாய்க்காலில் ஓடும் நீரின் வரலாற்றை அறிய விரும்பின், அவ்வரலாற்றின் தலைவாயிலில் நிற்பவர் டொன் ஸ்ரீபன் சேனநாயக்கா அவர்களே. உழவை நம்பிய நாடொன்று தன் காலில் நிற்பதற்கு எவையெவை வேண்டும் என்னும் வினாவுக்கு, அன்னாரின் நிறைவுகளும் குறைவுகளும் ஒருங்கே விடை பகர்கின்றன.

அவர் 19ஆம் நூற்றாண்டின் எண்பதுகளில் மீரிகமைக்கு அண்மையிலுள்ள போத்தலைக் கிராமத்திலே பிறந்தார். தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா முதலியார் பென்சிற்கரிச் சுரங்கத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். இளையவர் முகத்துவாரத்தில் அந்நாளில் இருந்த புனித தோமையார் கல்லூரியிற் பயின்றார். படிப்பிலும் பார்க்க விளையாட்டே அவரை ஈர்த்தது. பரீட்சைப் புகழ் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. கல்லூரியை விட்டகன்ற பின் நில அளவைத் திணைக்களத்திற் சில காலம் எழுதுவினைஞராய் இருந்தார். பிற்காலத்தில் நாட்டின் காணிகளைக் குடியானவர்க்குப் பகிர்ந்தளித்த கை, முதலில் நிலப்படங்களோடு பழகிய கை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்த மேசையை விரைவில் விட்டு நீங்கித் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் திரும்பினார். காட்டிலும் கழனியிலும் தொழிலாளரோடு உழைத்துத் திரிந்தமையால், காட்டு ஜோன் என்னும் பொருளுடைய பட்டப்பெயரொன்று அவருக்கு வாய்த்தது. நகையாடச் சூட்டப்பட்ட அப்பெயரே பின்னர் அவருக்கு அணியாயிற்று.

தமையனார் எவ். ஆர். சேனநாயக்காவைப் பின்பற்றி மதுவிலக்கு இயக்கத்திற் புகுந்தார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில ஆட்சியாளர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டனர். விசாரணை எதுவுமின்றி 46 நாள்கள் சிறையில் இருந்தவர்களுள் இவரும் ஒருவர். 1924இற் சட்டநிரூபண சபைக்குப் போட்டியின்றித் தெரிவு செய்யப்பட்டார். 1926இற் தமையனார் மறைந்தபின் அரசியற் சுமை முழுவதும் இவர்மீது வீழ்ந்தது.

அந்நாளின் இலங்கை எந்நிலையில் இருந்தது என்பதை மாணாக்கர் உணர்தல் வேண்டும். தேயிலையும் இறப்பரும் தெங்கும் கப்பலேறின. உண்ணும் அரிசியில் மூன்றில் இரண்டு பங்களவு பிறநாடுகளிலிருந்து வந்திறங்கிற்று. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், உறுதி காட்ட இயலாத காணிகள் முடிக்குரியனவாகித் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. உலர் வலயத்துக் குளங்கள் பல தூர்ந்து காடாய்க் கிடந்தன. நம் கிழக்குக் கரையில் மட்டும், 1850களில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தமையாற் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதி வட்டைகள் ஓரளவு செழித்திருந்தன. ஆயினும் பட்டிப்பளை ஆறு மாரியிற் பெருகி வயலை அழித்தது. கோடையில் வறண்டு விதைத்தவனை ஏமாற்றியது. போடியார் வீட்டுப் பட்டறை நிறைந்தவிடத்தும் முல்லைக்காரனின் குடிசையிற் கடனே நிறைந்திருந்தது.

1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவிற் சேனநாயக்கா அங்கத்தவரானார். முடிக்குரிய காணி விற்றுப் பணமாக்கும் சரக்கன்று, வருங்கால மக்களின் பொருட்டு அரசு காத்து நிற்கும் பொதுச் சொத்து என்னும் கொள்கை அவ்வாணைக்குழுவினால் வலியுறுத்தப்பட்டது. 1931இற் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை தோன்றியபோது அவர் விவசாய, காணி அமைச்சரானார். அப்பதவியிற் பதினைந்து ஆண்டுகள் நிலைத்தார். மின்னேரியாவின் காடழித்துக் குடிகளை இருத்தும் பணி தொடங்கிற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைப் பலிகொண்ட வேளையிலும் அவர் தம் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். 1935இற் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. உழவையும் நாட்டுப்பற்றையும் இணைத்து அவர் நூலொன்று வெளியிட்டதும் அதே ஆண்டிலேயாம்.

அச்சட்டத்தின் உட்பொருளைச் சற்று ஆராய்வோம். குடியேறியவன் அனுமதிப்பத்திரம் பெற்றுக் காணியை ஆளலாம். ஆனால் அதைத் தன் விருப்பப்படி விற்கவோ, ஈடு வைக்கவோ, துண்டாடவோ முடியாது. கடன்பட்ட குடியானவனிடமிருந்து காணி வட்டிக்காரனுக்குப் போய்ச் சேரும் கொடுமையை அமைச்சர் கண்ணாரக் கண்டவர். ஆதலின் அவ்வாறு வேலியிட்டார். வேலி காணியைக் காத்தது உண்மை. அவ்வேலியே பின்னர் உழவனுக்குத் தடையுமாயிற்று. ஈடு வைக்க இயலாத காணியை நம்பி வங்கி பெருங்கடன் தர விரும்புவதில்லை. முதல் இல்லாதவன் புதுத்தொழில் தொடங்குவதெங்ஙனம்? ஐக்கிய நாணய சங்கங்கள் இக்குறையைச் சிறிதளவே நிரப்பின.

இன்னொன்றும் உண்டு. பின்னுரித்தாளி குறிக்கப்படாவிடத்து ஆண்மக்களுக்கே முதலிடம் என்பது அச்சட்டத்தின் விதி. நம் கிழக்குக் கரையிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடும் வளவும் வயலும் பெண்மக்களுக்குச் சீதனமாய்ச் செல்லுதலே தொன்றுதொட்ட வழக்கு. ஒரு பகுதியாரின் வழக்கை எண்ணி எழுதிய விதி மற்றொரு பகுதியாரின் குடும்ப ஒழுங்கோடு முரணிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. சட்டம் செய்வோர் மக்களின் வாழ்வை அவரவர் ஊரிற் சென்று அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நிற்க. 1946இல் ஐக்கிய தேசியக் கட்சியை நிறுவிய சேனநாயக்கா, 1947இற் பிரதமரானார்; 1948 பெப்ரவரி 4ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் அவ்வாண்டில் அமைச்சரவையிற் சேர்ந்து கைத்தொழிற்றுறையை ஏற்றார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய ஆலைகள் அவர் முயற்சியோடு இணைத்து நினைக்கப்படுவன. உழவோடு ஆலையும் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே முளைத்திருந்தது.

பிரதமரின் உள்ளமோ பட்டிப்பளை ஆற்றிலேயே ஊன்றி நின்றது. அமெரிக்காவில் 1933இற் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை, ஓர் ஆற்றின் வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், குடியிருப்பு யாவற்றையும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொணர்ந்து உலகின் கவனத்தை ஈர்த்திருந்தது. அதனைப் பின்பற்றி 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டவழி நிறுவப்பெற்றது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமொன்று அணைகட்டும் பணியை ஏற்றது. பல திணைக்களங்களின் படிகளில் ஏறி இறங்காமல் ஒரே சபை முடிவெடுத்தமையால் வேலை விரைந்து நடந்தது. ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் அந்நீர்த்தேக்கம், அந்நாளில் இலங்கையிலேயே மிகப் பெரியது. சேனநாயக்க சமுத்திரம் என்பது அதன் பெயர். சிறிய மின்னிலையம் ஒன்றும் அங்கு அமைந்தது. காடாய் இருந்த அம்பாறை நகராயிற்று. ஹிங்குரானையிற் சீனி ஆலை பின்னர் எழுந்தது. இடது கரைக் கால்வாயின் வழியே நீர் இறங்கி வந்து, எம் பகுதியிலும் இலக்கமிட்ட குடியேற்றக் கிராமங்களைத் தோற்றுவித்தது. நான்காம் கிராமம், ஏழாம் கிராமம், மத்திய முகாம் என்னும் பெயர்கள் அக்காலத்தின் நினைவுச் சின்னங்களாய் இன்றும் எம் நாவில் வழங்குகின்றன. வானத்தை நோக்கியிருந்த வயலிற் பெரும்போகத்தோடு சிறுபோகமும் விளையலாயிற்று.

அத்துணையும் நன்றே. எனினும் வரலாறு எழுதுவோன் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாகாது. கல்லோயாக் குடியேற்றங்களிற் பெரும்பாலானவை பிற மாவட்டச் சிங்களக் குடிகளுக்கே அளிக்கப்பட்டன; தமிழ், முஸ்லிம் மக்களுக்குக் கிடைத்த கிராமங்கள் சிலவே; அவையும் பெரும்பாலும் கால்வாயின் கடைப்பகுதியில் அமைந்தன. காட்டைத் தம் இல்லமாய்க் கொண்ட வேடர் இடம் பெயர்ந்தனர். அதே பிரதமரின் ஆட்சியில் 1948, 1949ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டங்கள், தேயிலையால் நாட்டுக்குச் செல்வம் ஈட்டித் தந்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கின. அக்குறை முற்றாய்த் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமையையும் குடியேற்றத்தையும் முன்னிட்டே சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் 1949இற் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1956 ஜூனிற் கல்லோயாப் பகுதியில் இனக்கலவரம் மூண்டு பலர் உயிரிழந்தனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று.

இவற்றுட் பிற்பட்ட நிகழ்ச்சிகளை அவர் கண்டாரல்லர். 1952 மார்ச் 21ஆம் நாட் காலை காலிமுகத்திடலிற் குதிரைச் சவாரி செய்கையில் நோயுற்று வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். மைந்தர் டட்லி பிரதமரானார். கல்லோயா அபிவிருத்திச் சபை 1965இல் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபையாக மாறிற்று. 1970இல் வெளியான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, திட்டத்துக்கான செலவு பயனை விஞ்சியது எனக் கணக்கிட்டது. அணைக்குச் செலுத்திய கருத்தை வாய்க்காலுக்கும், வாய்க்காலுக்குச் செலுத்திய கருத்தை உழவனின் மனத்துக்கும் செலுத்தாமையே அதற்கு ஒரு காரணம் என்போம். தலைப்பில் உள்ளவன் மிகுதியாய் நீர் எடுத்தான். கடையில் உள்ளவன் வெடித்த வயலைப் பார்த்து நின்றான். தலைப்பில் இருந்தவன் பெரும்பாலும் சிங்களவன், கடையில் இருந்தவன் பெரும்பாலும் தமிழ் பேசுவோன் ஆகையால் நீர்ப்பூசல் இனப்பூசலுமாயிற்று.

இவ்வரலாற்றின் மிக இனிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோர்ணெல் பல்கலைக்கழகமும் நம் நாட்டுக் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் இணைந்து, இடது கரையில் இளைஞர் சிலரை உழவரிடையே வாழ அனுப்பின. அவர்கள் கட்டளையிடச் சென்றாரல்லர். உழவர் ஒன்றுகூடிப் பேச வழி செய்தனர். 1981இல் நீர்த்தேக்கம் பெரிதும் வற்றியிருந்த வேளையில், உழவர் கூடித் தூர்ந்த வாய்க்கால்களைத் தாமே திருத்தி, முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பிலிருந்த சிங்கள உழவர் நீரைச் சிக்கனஞ் செய்து கடைப்பகுதித் தமிழ் பேசும் உழவர்க்கு விட்ட செய்தியை அறிஞர் வியந்து எழுதியுள்ளனர். கோடிக்கணக்கான பணம் செய்யாததை நம்பிக்கை செய்தது.

சேனநாயக்காவின் வாழ்விலிருந்து நாம் கொள்ளுவதும் தள்ளுவதும் யாவை? உழவை நம்பிய நாடு வளம்பெறப் புகுமாயின் முதலில் நீரும் நிலமும் உறுதியாதல் வேண்டும். இதனை அவர் பிறரினும் முன்னே கண்டார். நிலத்தின் மீது உழவனுக்குள்ள உரிமை, அவன் தொழில் வளர்க்கக் கைகொடுப்பதாயும் அமைதல் வேண்டும். இதனை அவர் பாதியே கண்டார். பங்கீட்டில் நடுவுநிலை வேண்டும். இதிலேதான் அவர் தவறினார். நடுவுநிலை பிறழ்ந்தவிடத்து வணிகனும் முதலிடான், உழவனும் அயலானை நம்பான்.

எம் ஊர்க்கு வருவோம். வயல் விளைகிறது. விளைந்த நெல் நெல்லாகவே வண்டியேறிப் போகுமாயின், அதன் உமியும் தவிடும் ஆலைக்கூலியும் பிறர்க்கே உரியன. கிட்டங்கித் தாம்போதி வெள்ளத்தில் மூழ்கி, அக்கரையில் உள்ள கல்முனைச் சந்தைக்கும் பாடசாலைக்கும் தோணியிற் சென்ற மாரிகளை நாம் மறந்திலோம். பாதை அறுந்த நாளில் நெல்லின் விலையைச் சொல்பவன் வாங்குவோனே. கல்முனையின் வணிகத் திறனும், மருதமுனையின் நெசவுத் திறனும், நாவிதன்வெளியின் வயல்வளமும் ஒரே தாம்போதியின் இருகரைகளிலும் உள்ளன. முஸ்லிம் சகோதரரும் நாமும் ஒன்றுகூடி முதலிட்டு ஆலையும் களஞ்சியமும் அமைப்பின், கொழும்பை நோக்கிக் கையேந்த வேண்டுவதில்லை.

பழைய மாணவராகிய நாம் பெரும்பாலும் எழுதுகோல் பிடிக்கும் உத்தியோகத்தையே கல்வியின் பயன் எனக் கருதி ஊரை விட்டகன்றோம். அரச எழுதுவினைஞர் மேசையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பிய ஒருவரின் வரலாற்றை எழுதி முடிக்கையில், அந்நினைவு எம்மைச் சுடுகின்றது. இக்கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர் கணக்கியலும் பொறியியலும் விவசாய விஞ்ஞானமும் கற்று, கற்றவற்றோடு ஊர் திரும்புவாராக. அணை கட்டியவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்தன. வாய்க்காலைத் துப்புரவாக்கும் பணி நம்முடையது.

வாழ்க எம் கல்லூரி! வளர்க எம் கிராமங்கள்!