ஸ்ப்ளைன் தந்த ஷோன்பெர்க்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் படித்த நம்ம ஆட்களுக்கு 'க்யூபிக் ஸ்ப்ளைன்' மறந்திருக்காது. மார்க் வாங்கித் தந்த கேள்வியாச்சே! ஆனால் கணிதத்தில் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் யார்? ஐசக் ஜேக்கப் ஷோன்பெர்க்.

1903-ல் ருமேனியாவில் பிறந்தவர். ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போன இடத்தில் கணித மேதை எட்மண்ட் லாண்டாவின் பழக்கம் ஏற்பட்டது. 1930-ல் அவருக்கே மருமகனானார். அதே வருஷம் அமெரிக்கா போனார். போனது நல்லதாப் போச்சு. யூதரான மாமனாரை 1933-ல் நாஜி மாணவர்கள் பாடம் நடத்தவே விடவில்லை. 1938-ல் லாண்டா காலமானார்.

உலக யுத்தத்தின்போது, 1943 முதல் 1945 வரை, அபர்டீன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஷோன்பெர்க்குக்கு வேலை. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட உதவும் காற்றுத்தடை அட்டவணைகள் கரடுமுரடாக இருந்தன. அவற்றை வழவழப்பாக்க வேண்டும். கப்பல் வரைபடம் போடுகிறவர்கள் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, ஈயக்கட்டி வைத்து அமுக்கிக் கோடு இழுப்பார்கள். அந்தப் பட்டைதான் ஸ்ப்ளைன். அதேபோல் பல்லுறுப்புக் கோவைத் துண்டுகளை ஒட்டிக் காட்டினார், 1946-ல். க்யூபிக்கில் ஒட்டுமிடத்தில் மதிப்பு, சரிவு, இரண்டாம் வகைக்கெழு மூன்றும் பொருந்தும். மூன்றாம் வகைக்கெழு மட்டும் உடையலாம். 1960-கள் வரை இதை அதிகம் பேர் சீந்தவில்லை. கம்ப்யூட்டர் பரவியதும் நிலைமையே மாறிவிட்டது.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிந்திய கதை. 1913-ல் லாண்டா ஒரு சமனின்மையை நிரூபித்திருந்தார். பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். ஸ்டாப் கம்பத்திலிருந்து முன்னே பின்னே 1 மீட்டருக்குள்ளேயே ஒரு பஸ் எப்போதும் இருக்கணும். முடுக்கம் 1 மீ/வி²-ஐத் தாண்டக்கூடாது. அப்படியானால் அதன் வேகம் எந்த நொடியிலும் 2 மீ/வி-ஐத் தாண்டவே முடியாது! அந்த எல்லையைத் தொடுவது எப்படி? கம்பத்துக்கு 1 மீட்டர் முன்னால் 2 மீ/வி வேகத்தில் வந்து, பிரேக் போட்டு, இரண்டு நொடியில் 1 மீட்டர் தாண்டி நிற்க வேண்டும். வரைபடத்தில் முதலில் பரவளையம், பிறகு நேர்கோடு. இடமும் வேகமும் ஒட்டும்; முடுக்கம் மட்டும் உடையும். நின்றுகொண்டு வருகிறவர்கள் 'டக்'கென்று ஆடுவது அங்கேதான். ஆக, இதுவும் ஒரு ஸ்ப்ளைன்!

உயர் வகைக்கெழுக்களுக்கு இதே கேள்வி சுலபத்தில் மசியவில்லை. 1970-ல், 67 வயதில், கவரெட்டாவுடன் சேர்ந்து மாமனாரின் கணக்கைத் தன் ஸ்ப்ளைன்களை வைத்தே முடித்தார் மருமகன். 1990 பிப்ரவரியில் மேடிசன் நகரில் மறைந்தார்.