பணம் தீர்ந்தது, படிப்பு தீரவில்லை!



பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தால் வீடே மகிழ்ச்சியில் குதிக்கும். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போதே ஒரு கேள்வி கூடவே நடந்து வரும். காசுக்கு எங்கே போறது? நம்ம மாதிரி ஏழைக்கு இதெல்லாம் ஆகுமா?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் அம்பேத்கார். இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் என்று அவரை எல்லாருக்கும் தெரியும். அவர் படிப்புக்குப் பணம் வந்த பாதை பலருக்குத் தெரியாது.

ஒற்றை அறை வீடு

1891 ஏப்ரல் 14-ல் மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் அவர் பிறந்தார். பதினான்காவது பிள்ளை. தீண்டத்தகாதது என்று ஊர் ஒதுக்கிய மகார் சாதி. தகப்பனார் ராம்ஜி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பிறகு பம்பாயில், ஆலைத் தொழிலாளிகள் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில் குடியிருந்தார்கள். நம்ம லயத்து வீடாவது பரவாயில்லை. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். பையன் முன்னிரவில் தூங்குவான். தகப்பனார் விழித்திருந்து, பின்னிரவில் அவனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தான் படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாத நாளில், கட்டிக் கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போய் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அடகுக்கடைப் படி ஏறிய தகப்பன்மார் நம்மிலும் எத்தனை பேர்!

முதல் பயணம்

கல்லூரிப் படிப்புக்கு பரோடா மகாராஜா சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பி.ஏ. முடிந்தது. 1913 பிப்ரவரியில் தகப்பனார் கண்ணை மூடினார். குடும்பம் தள்ளாடிய அந்த வருஷமே பரோடா அரசின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மாதம் பதினொன்றரை இங்கிலீஷ் பவுன், மூன்று வருஷத்துக்கு. ஆனால் இனாம் இல்லை. படித்து முடித்ததும் பரோடா அரசுக்குப் பத்து வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நியூயார்க்கில் கண்ணைப் பறிக்கும் வேடிக்கைக்கா பஞ்சம்? அவர் வயிற்றைக் கட்டினார், வாயைக் கட்டினார். மிச்சம் பிடித்ததில் பழைய புத்தகம் வாங்கினார், வீட்டுக்கும் அனுப்பினார். 1915-ல் எம்.ஏ. பட்டம். 1916-ல் லண்டன் போய்ப் பொருளாதாரக் கல்லூரியிலும், கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்திலும் சேர்ந்தார்.

1917-ல் உபகாரச் சம்பளம் முடிந்தது. படிப்போ பாதியில் நின்றது. இந்த இடத்தில்தான் அவருடைய புத்திசாலித்தனத்தைப் பார்க்க வேண்டும். அழுதுகொண்டு கப்பல் ஏறவில்லை. நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். உலகப் போர் நடந்த காலம் அது. தனிக் கப்பலில் வந்த அவருடைய புத்தகங்கள் கடலில் மூழ்கிப் போயின.

ஊரில் நடந்த கொடுமை

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அமெரிக்காவில் படித்த அறிஞருக்கு அங்கே குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. சாதியைச் சொல்லாமல் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் திரும்பினார். பட்டம் வந்தால் மானமும் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பயணம்

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் 450 ரூபாய். அந்தக் காலத்தில் பெரிய தொகை. வேறு ஆளாக இருந்தால் லண்டனை மறந்திருப்பார். இவர் சிக்கனமாக வாழ்ந்து சம்பளத்தைச் சேர்த்தார். நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். கோலாப்பூர் மகாராஜா சாகுவும் உதவினார். 1920-ல், அனுமதித்த நான்கு வருஷம் முடியுமுன்னே, மறுபடியும் கப்பல் ஏறினார்.

லண்டனில் காலையில் ஒரு துண்டு ரொட்டி. பகலெல்லாம் நூல்நிலையம். ராத்திரி பசித்தால் சுட்ட அப்பளம். 1921-ல் எம்.எஸ்ஸி., 1922-ல் பாரிஸ்டர். ரூபாயின் பிரச்சினை பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்திருந்தது. 1923-ல் பம்பாய் திரும்பி, அங்கேயே திருத்தி எழுதி அனுப்பினார். அந்த வருஷமே டி.எஸ்ஸி. பட்டம் வந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கும் அந்த நண்பர்தான் கை கொடுத்தார்.

இத்தனை வருஷமும் பம்பாயில் குடும்பப் பாரத்தைச் சுமந்தவர் மனைவி ரமாபாய். பெற்ற ஐந்து பிள்ளைகளில் பிழைத்து வளர்ந்தவர் ஒருவரே. 1935-ல் ரமாபாய் காலமானார். அந்தப் பட்டங்களில் பாதி அந்த அம்மாளுக்குச் சேரும்.

பெற்ற உதவியை அம்பேத்கார் மறக்கவில்லை. 1944-ல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு இந்திய அரசின் உதவித்தொகை தொடங்கியபோது, அதற்காக அரசுக்குள்ளிருந்து வாதாடியவர் அவர். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே! அவருக்குப் பணம் ஒரே கையிலிருந்து மொத்தமாக வரவில்லை. அரசு உதவி, சொந்தச் சம்பளம், நண்பர் கடன் என்று துண்டு துண்டாக வந்தது. ஆகையால் ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டுங்கள். பணம் கொடுப்பவர் கேட்கும் ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், என்ன வேலை, தவறினால் என்ன என்று ஒரு வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். காசு தீர்ந்து பிள்ளை திரும்பி வந்தால் படிப்பு தொலைந்தது என்று தலையில் கை வைக்காதீர்கள். மறுபடி சேர எவ்வளவு காலம் அனுமதி உண்டு என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒற்றை அறையிலிருந்து கிளம்பியவர் ஒரு முறை அல்ல, இரு முறை கடல் தாண்டினார். நம்ம பிள்ளையாலும் முடியும்!