அளவு சொன்ன உண்மை

ஆய்வுக்கூடத்தில் அன்று ஓம் விதிச் சோதனை. லெக்லாஞ்சி மின்கலத்தோடு தடைப்பெட்டியை இணைத்து, தடையை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை அளந்தேன். முதலில் வைத்த தடையையே மீண்டும் வைத்தபோது மின்னோட்டம் முன்னைவிடக் குறைந்திருந்தது! சென்ற ஆண்டுப் பதிவேடு ஒன்றைப் பார்த்து எண்களைத் திருத்திவிடலாமா என்ற சபலம் எழுந்தது. அதனைக் கண்டுகொண்ட பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. ஓமின் வரலாற்றைப் படித்துவிட்டு வருமாறு பணித்தார். நூலகத்தில் நான் அறிந்ததை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16-ஆம் நாள் பிறந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமே முயன்று கற்றவர். தம் மைந்தர்க்குக் கணிதமும் அறிவியலும் அவரே கற்பித்தார். 1805-இல் பல்கலைக்கழகம் புகுந்த ஓமோ நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்சிலும் பொழுதைப் போக்கினார். சினந்த தந்தை மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆசிரியப் பணி புரிந்துகொண்டே பயின்ற ஓம், 1811-இல் எர்லாங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார். நம்மில் சிலருக்கு இஃது ஆறுதல் அளிக்கலாம்!

1817-இல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். அங்கே வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி, காந்த ஊசியின் துணையால் அதன் வலிமையை அளந்தார். அவருடைய மின்கலமும் தளர்ந்தது! 1825-இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு பிழையாயிற்று. ஆனால் அவர் எண்களை மாற்றவில்லை, மின்கலத்தை மாற்றினார். பொக்கண்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையை அமைத்தார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். மின்னழுத்தம் நிலைத்தது, உண்மையும் வெளிப்பட்டது. 1827-இல் அது நூலாக வந்தது.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 2 வோல்ட் அழுத்தம், 4 ஓம் தடை எனில் அரை ஆம்பியர். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மின்திறன். இங்கே 1 வாட். இன்று நமக்கு எவ்வளவு எளிது!

அன்றோ ஜெர்மானிய அறிஞர் பலர் அந்நூலைப் புறக்கணித்தனர். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. மனம் நொந்து கொலோன் பணியையும் துறந்தார். 1833-இல்தான் நியூரம்பர்க்கில் தக்க பணி வாய்த்தது. 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தபோது வயது அறுபதைக் கடந்துவிட்டது. 1854 ஜூலை 6-இல் மறைந்தார். 1881-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

மறுவாரம் சேமக்கலம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சோதனையைத் திரும்பச் செய்தேன். அளவுகள் நிலைத்தன. ஆயினும் முதல்நாள் எண்களை நான் அழிக்கவில்லை. மின்கலம் தளர்ந்தது என்ற காரணத்தோடு, அவையும் என் பதிவேட்டில் இருக்கின்றன.