முஸாஃபிராய் வாழ்ந்த காஜி

பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. சபுராளி இல்லாத குடும்பம் நம் கடற்கரை ஊர்களில் குறைவு. ஆயினும் சபுராளிக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டை நினைத்தே அவர் உழைக்கிறார். வீடு என்ற ஒன்றையே விட்டுவிட்டு, போகும் ஊரெல்லாம் தம் ஊராக எண்ணி, அங்கங்கே கிடைத்த பணியைச் செய்து, 24 ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பிய ஒரு மார்க்க அறிஞரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்கள்தாம் உலகம் அறிந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதம் (கி.பி. 1304) அவர்கள் பிறந்தார்கள். காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அது. இளமையிலேயே மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றார்கள். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் (கி.பி. 1325 ஜூன்), 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாக வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். பெற்றோர் இருவரும் அப்போது ஹயாத்தாக இருந்தார்கள். அந்தப் பிரிவு இரு தரப்புக்கும் நோயைப் போல் வருத்தியதாகப் பிற்காலத்தில் பதிவு செய்தார்கள்.

துனிஸ் நகருக்குள் நுழைந்தபோது, உடன் வந்தவர்களை ஊரார் எதிர்கொண்டு அழைத்தனர். இவர்களுக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணீர் பெருகிவிட்டது. அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் செல்லும்வரை பேச்சுத் துணையாக இருந்தார். அந்நியனுக்கு ஒரு ஸலாம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்!

அதே துனிஸில்தான் முதல் பணியும் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் இவர்களையே தங்கள் காஜியாக நியமித்துக்கொண்டனர். கற்ற கல்வியே கைத்தொழில் ஆயிற்று. ஷரீஅத் நடைமுறையில் இருந்த ஊர்களிலெல்லாம் ஓர் ஆலிமுக்கு இடம் இருந்தது. பள்ளிவாசல்களும், வக்ஃபு வருமானத்தில் நடந்த ஸாவியாக்களும் தங்க இடமும் உணவும் தந்தன. டமாஸ்கஸ் பெரிய பள்ளியில் ஸஹீஹுல் புகாரி பாடத்தில் அமர்ந்து இஜாஸாவும் பெற்றார்கள்.

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னும் வீடு திரும்பவில்லை. இயன்றவரை ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். இராக், ஈரான், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி நாடு எனப் பயணம் நீண்டது.

துருக்கியின் ஸினூப் நகரில் நடந்தது நம் போன்றோருக்குப் பாடமாகும். அவ்வூரார் ஹனஃபிகள். மாலிகி வழக்கப்படி கைகளைத் தொங்கவிட்டு இவர்கள் தொழுததைக் கண்டு, ஷீஆ பிரிவினரோ என்று ஐயுற்றனர். அவர்கள் முயல் இறைச்சி உண்பதில்லை என்பதால், ஆட்சியாளரின் பிரதிநிதி ஒரு முயலை அனுப்பி, என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவர ஆளையும் அனுப்பினார். இவர்கள் அதை அறுத்துச் சமைத்து உண்ட பிறகே சந்தேகம் தீர்ந்தது. வேறு மத்ஹபினர் தொழுவதைக் காணும்போது முகம் சுளிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாள் (கி.பி. 1333 செப்டம்பர்) சிந்து நதியை அடைந்தார்கள். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் இவர்களைக் காஜியாக்கினார். தாம் மாலிகி, மக்களோ ஹனஃபிகள். அவர்கள் மொழியும் தமக்குத் தெரியாது என்று எடுத்துச் சொன்னார்கள். துணைக்கு இருவரை நியமித்து, ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளமும் வழங்கினார் சுல்தான். அப்படியிருந்தும் கடன் 55,000 தீனாராக ஏறிற்று! சுல்தானே அதை அடைக்க வேண்டியதாயிற்று. வரவு பெரிதானால் செலவும் பெரிதாகும் என்பது அன்றும் உண்மையே.

பிறகு சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகிக் காவலில் வைக்கப்பட்டார்கள். விடுபட்டதும் உடைமைகளைத் தானம் செய்துவிட்டு ஒரு ஸூஃபி பெரியாரின் கித்மத்தில் ஐந்து மாதம் இருந்தார்கள். அதன் பின் சுல்தான் மீண்டும் அழைத்துச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் சுல்தானின் அன்பளிப்புகள் கப்பலில் ஏற்றப்பட்டன. ஜும்ஆவுக்காக இவர்கள் கரையிலேயே தங்கினார்கள். புயலில் கப்பல் உடைந்து பலர் மாண்டனர். இவர்களுடைய பொருள்கள் இருந்த மற்றொரு கப்பல் இவர்களை விட்டுவிட்டே சென்றுவிட்டது. கையில் எஞ்சியவை பத்து தீனாரும் ஒரு விரிப்பும்தான்.

கப்பலோடு பொருள் போயிற்று. நெஞ்சிலிருந்த கல்வி போகவில்லை. மாலத்தீவு அவர்களைக் காஜியாக ஏற்றது. ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்தார்கள். பெண்கள் மேலாடை அணியக் கட்டளையிட்டதில் மட்டும் வெற்றி பெறவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள்.

பிறகு இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி, மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்து மதுரையை அடைந்தார்கள். அங்கே ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் இவர்களின் மனைவியின் சகோதரியை மணந்தவர். உறவினர் என்பதற்காக உண்மையை மறைக்கவில்லை. பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் அவர் கொன்றதை இழிசெயல் என்றே பதிவு செய்தார்கள். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில் இவர்களையும் கடும் காய்ச்சல் பற்றியது. புளியை நிறையக் கரைத்துக் குடித்ததால் வயிறு கழிந்து, அல்லாஹ்வின் அருளால் சுகம் கிடைத்தது.

வங்காளம், சுமத்ரா, சீனா சென்று திரும்பி, 1348இல் டமாஸ்கஸ் வந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மனைவியைக் கர்ப்பிணியாக விட்டுச் சென்றிருந்தார்கள். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் கிடைத்து, 40 தீனாரும் அனுப்பியிருந்தார்கள். பள்ளிவாசலில் மகனைப் பற்றி விசாரித்தபோது, அவன் வபாத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள். தன்ஜாவைச் சேர்ந்த ஓர் ஆலிம், தந்தையார் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றும், தாயார் இருக்கிறார்கள் என்றும் கூறினார்.

தாயைக் காணும் நாள் வந்ததா? இல்லை. அது பிளேக் நோய் உலகை வாட்டிய காலம். 1349இல் மொராக்கோவுக்குள் வந்து தாஸா என்ற ஊரை எட்டியபோது, தாயாரும் அந்நோயில் மறைந்த செய்தி வந்தது. தன்ஜா சென்று கப்ரை ஸியாரத் செய்யத்தான் முடிந்தது.

அதன் பிறகும் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் சென்று வந்தார்கள். அரசரின் ஆணைப்படி அவர்கள் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதிய ‘ரிஹ்லா’ என்னும் நூல் 1355இல் நிறைவுற்றது. அவர்கள் கடந்த தூரம் சுமார் 1,20,000 கிலோமீட்டர் இருக்கலாம் என ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். இறுதியில் சொந்த நாட்டிலேயே ஓர் ஊரின் காஜியாக அமர்ந்து, அப்பணியிலேயே வபாத்தானார்கள்.

அன்புச் சகோதரர்களே! ஓரூரில் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளிலும், பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபிலும் பயணி முகீம் ஆகிவிடுகிறார். அவருக்குக் கஸ்ர் இல்லை. அந்தச் சட்டப்படி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் டில்லியிலும் மாலத்தீவிலும் முகீம்தான். உள்ளத்தாலோ என்றும் முஸாஃபிர். அவர்களின் வாழ்வில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உண்டு. கல்வி என்ற மூட்டையைக் கடல் கொள்ளாது. அதைச் சுமந்தவர் எவ்வூரிலும் ஹலாலாக உண்ணலாம். ஆனால் பெற்றோருடன் இருந்திருக்க வேண்டிய ஆண்டுகளை எந்த ஊரிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஸஃபரில் இருப்போர் இன்றே தாய் தந்தையரிடம் பேசட்டும். ஊரில் இருப்போர் அந்நியருக்கு முந்திக்கொண்டு ஸலாம் சொல்லட்டும். அல்லாஹுத்தஆலா நம் சபுராளிகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.