ஒற்றை மாணவியின் கல்லூரி

கொல்கத்தாவின் பெத்தூன் கல்லூரியில் இன்று பெண்கள் திரளாகப் பயில்கின்றனர். 1879ஆம் ஆண்டில் அங்குக் கல்லூரி வகுப்பு தொடங்கியபோதோ, மாணவி ஒருவரே இருந்தார். அவர் பெயர் காதம்பினி பாசு.

காதம்பினி 1861இல் பாகல்பூரில் பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். பெண்களின் முன்னேற்றத்தில் ஈடுபாடு கொண்டவர். அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகள் ஆடவர்க்கு மட்டுமே உரியன. தேராதூனைச் சேர்ந்த சந்திரமுகி பாசு என்னும் மாணவி, 1876இல் தனி அனுமதி பெற்று நுழைவுத் தேர்வு எழுதினார். தேறுவதற்கு உரிய மதிப்பெண் பெற்றும், தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை! பின்னர் விதி தளர்ந்தது. 1878இல் காதம்பினி அத்தேர்வில் வெற்றி பெற்றார். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தமையால் முதல் வகுப்பு கைநழுவியது.

தேறிய பெண் மேற்படிப்புக்கு எங்கே செல்வது? ஆடவர் கல்லூரிகளில் அவருக்கு இடமில்லை. ஆகவே அவர் ஒருவருக்காகவே பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்பு தொடங்கப்பெற்றது. 1883இல் காதம்பினியும் சந்திரமுகியும் பட்டம் பெற்றனர். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் இவ்விருவரே.

காதம்பினி மருத்துவம் பயில விரும்பினார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ் என்னும் வங்கப் பெண், 1882இல் மருத்துவம் பயிலச் சென்னைக்கே வந்து சேர்ந்தார். காதம்பினியோ தம் ஊர்க் கல்லூரியின் கதவையே தட்டினார். கல்லூரியார் மறுத்தனர், அரசு தலையிட்ட பின்னரே இடம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே, பெண்கல்விக்காக உழைத்த துவாரகாநாத் கங்கூலியை அவர் மணந்தார்.

இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் அவர் தேறவில்லை. பெண்கல்வியை விரும்பாத பேராசிரியர் ஒருவரே அதற்குக் காரணம் என்று எழுதியோர் உளர். இதனால் முழு மருத்துவப் பட்டம் கிட்டவில்லை. 1886இல் கல்லூரி வழங்கிய வேறொரு சான்றிதழுடன் அவர் மருத்துவரானார்.

படித்த பெண்ணைப் பழிப்பதற்கும் ஆட்கள் இருந்தனர். வார இதழ் ஒன்று அவரது ஒழுக்கத்தை இழிவுபடுத்தி எழுதியது. கணவரும் அவரும் வழக்குத் தொடுத்தனர்; இதழாசிரியர் ஆறு மாதம் சிறை சென்றார். ஆனால் சான்றிதழைக் குறைவாக மதிப்போரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? 1893இல் காதம்பினி குழந்தைகளைக் கல்கத்தாவில் விட்டுவிட்டு, கடல் கடந்து எடின்பரோ நகருக்குச் சென்றார். கைக்குழந்தையைப் பிரிந்து செல்வது எளிதன்று. அங்கு மூன்று மருத்துவத் தகுதிகளை ஒருங்கே பெற்றுத் திரும்பினார். அதன்பின் அவரது படிப்பைக் குறைகூற எவர்க்கும் வழியில்லாது போயிற்று.

நோயாளிகளின் இல்லங்களுக்கு அவர் குதிரைவண்டியில் செல்வார். வண்டி ஓடும் நேரத்தையும் வீணாக்காமல் நூல்பின்னல் வேலை செய்துகொண்டிருப்பாராம். 1923 அக்டோபர் 3ஆம் நாள், அறுவை மருத்துவம் ஒன்றை முடித்துவிட்டு இல்லம் திரும்பினார். அன்றே அவர் உயிர் பிரிந்தது.