வி. கிருஷ்ணஸ்வாமி ஐயரும் ஏழைப் பெண்களின் சேமிப்பும்

ஏழை ஸ்திரீகள் பாங்கியில் பணம் போடத் தயங்கினால், அதை அவர்களுடைய அறியாமை என்று தள்ளிவிடுவோர் நம்மில் பலர். சென்னை ராஜதானியில் கற்றறிந்த ஜனங்களே பாங்கியை நம்பி மோசம் போன காலம் ஒன்றுண்டு. அந்த நாசத்தினின்று ஒரு சுதேசி பாங்கியை எழுப்பியவர்களில் முதல்வர் காலஞ்சென்ற வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர்.

1863-ம் வருஷம் தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்த ஐயர், கும்பகோணத்திலும் சென்னையிலும் கற்று, 1885-ல் வக்கீலானார். பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டியதைத் தர்மத்தில் செலவிடவும் அறிந்திருந்தார். மயிலாப்பூரில் ஆயுர்வேத வைத்தியசாலையும் சம்ஸ்கிருதக் கல்லூரியும் அவ்வாறு தோன்றியவை.

1906 அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்நாட் என்ற வெள்ளையர் கம்பெனி கதவை மூடிற்று. லண்டன் கூட்டாளியின் சூதாட்ட வியாபாரத்தில் பணம் கரைந்து போயிருந்தது. பென்ஷன் வாங்கியோர், விதவைகள், சிறு உத்தியோகஸ்தர்கள் எனப் பல்லாயிரவர் ஒரே நாளில் கைம்முதல் இழந்தனர். கம்பெனியின் தலைவர் மறு வருஷம் சிறை புகுந்தார். போட்ட பணமோ முழுதும் திரும்பவில்லை. பணம் இழந்தோர் பொருட்டு நீதிஸ்தலத்தில் வாதாடிய ஐயர், அத்துடன் நிற்கவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே பாதுகாக்கும் ஸ்தாபனம் வேண்டுமென்று நண்பர்களைக் கூட்டினார். நகரத்தார் முதல் தந்தனர். இந்தியன் பாங்கு 1907 மார்ச் 5-ந் தேதி பதிவாகி, ஆகஸ்டு 15-ந் தேதி வேலை தொடங்கிற்று. சரியாக நாற்பது வருஷத்துக்குப் பின் அத்தேதிக்கு வேறொரு மகிமையும் வாய்த்தது!

ஐயர் மிதவாதி, பாரதியார் தீவிரவாதி. ஆயினும் பாரதியார் பாடல்கள் மூன்றைக் கேட்டு உருகி, 1907-ல் 15,000 பிரதிகள் அச்சிட்டு இனாமாக வழங்கச் செய்தவர் ஐயரே. மறு வருஷம் பாரதியார் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். ஐயர் ஹைகோர்ட்டு நீதிபதியாகவும், கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினராகவும் உயர்ந்து, 1911 டிசம்பர் 28-ந் தேதி, ஐம்பது வயது நிரம்பாமலே மறைந்தார்.

அவர் கூலிக்காரப் பெண்களை எண்ணிப் பாங்கி தொடங்கினார் என்று நாம் சொல்ல வரவில்லை. வக்கீல்களும் வர்த்தகர்களுமே அவர் கண்முன் நின்றனர். எனினும் 1969-ல் தேசவுடைமையான அப்பாங்கியே இன்று புதுச்சேரி மாநிலத்தின் முன்னோடிப் பாங்கி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உழைக்கும் பெண்ணும் அதன் படியேற உரிமையுடையவள். 2014-ல் வந்த ஜன் தன் திட்டப்படி இருப்புத் தொகையின்றியே கணக்குத் தொடங்கலாம். பாங்கியே முறிந்தாலும், 2020 முதல் ஐந்து லக்ஷ ரூபாய் வரை காப்புண்டு. ஆர்பத்நாட்டை நம்பிய விதவைக்கு இத்தகைய காப்பு ஏது? பதிவில்லாத சீட்டுக்காரன் ஊரைவிட்டு ஓடினால் இன்றும் அதே கதிதான்.

மேடையில் சிக்கனத்தைப் போதிப்பதால் மட்டும் இப்பெண்கள் பாங்கிக்கு வரமாட்டார்கள். ஊழியம் செய்ய விரும்பும் நம் தோழர்கள் முதல் நாள் கூடச் சென்று படிவம் எழுதித் தரட்டும். அடுத்த மாதம் வரவு ஏறியிருப்பதைப் பாஸ் புத்தகத்தில் படித்துக் காட்டட்டும். பணமெடுக்கும் அட்டை புருஷன் சட்டைப் பையில் இருக்கிறதா, அவள் கையில் இருக்கிறதா என்பதையும் கவனிக்கட்டும்.